ஐம்பத்திரண்டாம் சேனலுக்குக் கண்ணீர் அஞ்சலி

காளவாசல் சிக்னலைத் தாண்டியதும் டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருந்தது அழகுமலை ஆப்செட். அங்கே சாவு போஸ்டருக்கு வரிசை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் காத்திருக்கும். சாவு என்று ஒருவர் படியேறினால் ஓடுகிற மெஷினையே நிறுத்திவிடுவார்கள். உடலை எடுப்பதற்குள் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும்.

அந்தப் போஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தவர் ஹம்சவேணி. மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். கணவர் பாலசுந்தரம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். திருப்பரங்குன்றத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில் குடியிருந்தார்கள். பார்க்கிறவர்கள் அவரைப் பக்திச் சொற்பொழிவுக்குப் போகிறவர் என்றுதான் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வீட்டு ஜன்னல் பக்கம் போனவர்களுக்குத்தான் உண்மை தெரியும். டிவியில் இரண்டு பேர் கம்பிவலைக் கூண்டுக்குள் உருண்டுகொண்டிருப்பார்கள். ஹம்சவேணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இடுப்பத் திருப்பு, இடுப்பத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இது தொடங்கியது தொண்ணூற்றாறில். அவருடைய அண்ணன் வெங்கடேஷ்பாபு அப்போது வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். கராத்தே படம் என்று சொல்லி யாரோ விற்றுவிட்டுப் போன கேசட் ஒன்று அங்கே இருந்தது. வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் எல்லாம் மறுநாளே சண்டைக்கு வந்தார்கள். கதை இல்லை, கதாநாயகி இல்லை, வில்லன் யார் என்றே தெரியவில்லை, யாரோ ரெண்டு பேர் கட்டிப் புரளுகிறார்கள் என்று புகார். அண்ணன் அதைக் கழித்துக்கட்டிய கேசட்டுகளோடு மூலையில் போட்டார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வரனுக்காகக் காத்திருந்த ஹம்சவேணி, ஒரு மதியம் பொழுது போகாமல் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

ஒல்லியாக ஒருவன், எருமைக்கடா மாதிரி ஒருவன். பெரியவன் ஒல்லியைக் கீழே தள்ளி மேலே ஏறிப் படுத்துவிட்டான். ஆள் காலி என்று ஹம்சவேணி கண்ணை மூடப் போனார். அதற்குள் கீழே கிடந்தவன் தன் காலையே கயிறாக்கிப் பெரியவனின் கழுத்தையும் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டான். பெரியவன் தரையைப் படபடவென்று தட்டினான். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது பிறகுதான் புரிந்தது. உடனே ஒல்லி பிடியை விட்டுவிட்டான். இருவரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள்.

சினிமாவில் அவர் பார்த்த சண்டைகளில் எல்லாம் கீழே விழுந்தவன் தோற்றவன். இங்கே கீழே கிடக்கிறவனுக்கும் வேலை இருந்தது. அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது என்று பின்னாளில் காம்பவுண்டுக்காரர்களிடம் சொல்வார். கேசட்டின் நாடா தேய்ந்து படம் நீலமாகும்வரை பார்த்தார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அவர் இதை மறைக்கவில்லை. பாலசுந்தரம் வந்த அன்று, தனியாகப் பேச விட்டபோது, என்ன பிடிக்கும் என்று அவர் கேட்டார். சண்டை பார்க்கப் பிடிக்கும் என்றார் ஹம்சவேணி. பாலசுந்தரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, யார் ஜெயிப்பார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். "அது தெரிஞ்சா எதுக்குப் பாக்கணும்?" என்று பதில் வந்தது. இந்தப் பதிலைக் கேட்டு வேறு யாராவது காபியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பாலசுந்தரம் தாலி கட்டினார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் மனைவி சண்டை பார்க்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார். வெங்காயம் வதக்கும் வாசனைக்கே முகம் சுளிக்கும் குடும்பத்தில் இப்படி ஒரு ரத்தப் பிரியையா என்று அண்ணி கேட்டதற்கு, நான் பார்க்கத்தான் செய்கிறேன், தின்னவில்லை என்று ஹம்சவேணி சொல்லி அனுப்பினார்.

கேசட் காலம் முடிந்து சிடி வந்தது. ரயில்வே ஸ்டேஷன் எதிரே மீனாட்சி பஜாரில் ஒரு கடைக்காரர், இந்தச் சண்டை சிடிகளை ஆக்‌ஷன் படங்களின் பெட்டியில் கலந்து வைத்திருந்தார். ஹம்சவேணி அந்தப் பெட்டியை நிதானமாகக் கிளறுவார். கடைக்குள் இருக்கும் ஆண்கள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படிக் கிடைத்த ஒரு சிடியில்தான் கனெடாவை முதலில் பார்த்தார். ஜப்பான்காரர். குறைந்த எடைப் பிரிவு. கீழே படுத்துக்கொண்டே ஜெயிக்கிறவர். அந்தச் சண்டை இரண்டு சிடி. இரண்டாவதைப் போட்டால் ஏதோ ஒரு தெலுங்குப் படம் ஓடியது. கனெடா ஜெயித்தாரா தோற்றாரா என்று தெரியாமலே ரொம்ப காலம் போயிற்று. பழங்காநத்தத்தில் பிரவுசிங் சென்டர் வந்த பிறகு, ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தார். ஜெயித்திருந்தார். அன்று வீட்டில் கேசரி.

பிறகு கேபிளிலேயே வந்தது. இரண்டாயிரத்து நாலு வாக்கில் ஒரு விளையாட்டுச் சேனல், ஞாயிறு பதினொரு மணிக்கு இந்தச் சண்டைகளைப் பதிவு செய்து காட்ட ஆரம்பித்தது. திருப்பரங்குன்றத்தில் அந்தச் சேனலின் எண் ஐம்பத்திரண்டு. சிடி தேட வேண்டாம், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் சுற்றுகிற வட்டத்தைப் பார்க்க வேண்டாம். எதிர்வீட்டுச் செல்லக்கிளி இட்லி மாவு விற்கிறவர். மாவுச் சட்டியைக் கழுவிவிட்டு நேரே இங்கே வந்துவிடுவார். முதல் வாரம் கருமம் என்றார். இரண்டாவது வாரம் அந்தச் சிவப்பு டிராயர்க்காரன் ஏன் மூச்சு வாங்குகிறான் என்று கேட்டார். அடுத்த மாதமே, "கையக் குடுத்துட்டான் பாரு கிறுக்கன்" என்று திட்டத் தொடங்கிவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் அந்த ஐம்பத்திரண்டு காணாமல் போனது.

கேபிள்காரர் பெயர் கருத்தக்கண்ணன். சன்னதித் தெருவில் கீழே வீடு, மாடியில் கண்ட்ரோல் ரூம். ஆள் வாட்டசாட்டம், வெள்ளைச் சட்டை, வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசை. கவுன்சிலர் தேர்தலில் நிற்கும் எண்ணமும் இருந்தது. அதற்கு முன்னேற்பாடாக அவர் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் தொடங்கினார். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கும்பாபிஷேகம், இடையிடையே கைகூப்பியபடி கருத்தக்கண்ணன். அதற்கு இடம் வேண்டும். ஐம்பத்திரண்டை எடுத்துவிட்டு அதில் தன்னைப் போட்டுக்கொண்டார்.

டிஷ் வாங்கிவிடலாம் என்று ஹம்சவேணி பார்த்தார். வீட்டு ஓனர் மொட்டைமாடிச் சுவரில் துளை போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நேரமும் இல்லை. சேனல் போவதற்கு முந்தின வாரம்தான் ஒரு அறிவிப்பு காட்டியிருந்தார்கள்: கனெடா ஓய்வு பெறுகிறார், கடைசிச் சண்டை மாதக் கடைசி ஞாயிறு. பத்து வருடமாகப் பின்தொடர்ந்த விளையாட்டில் தன் ஆள் என்று ஹம்சவேணி சொல்லிக்கொள்ள இருந்தவர் அந்த ஒருவர்தான். முடிவைத் தெரிந்துகொள்ள பிரவுசிங் சென்டர் போதும். ஹம்சவேணிக்கு முடிவு வேண்டாம், சண்டை வேண்டும்.

ஆகவே நேரே சன்னதித் தெருவுக்குப் போனார். கருத்தக்கண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட நாலைந்து பேர்.

"யாரும் பாக்காத சேனல்மா அது. ஆம்பளைகளே பாக்கல" என்றார்.

"நாங்க பாக்குறோம்ணே."

"நாங்கன்னா?"

"நானு, எதுத்த வீட்டுச் செல்லக்கிளி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், ரத்தச் சண்டைக்கு மாவு ஆட்டுகிற பெண்களா ரசிகர்கள் என்றார். கருத்தக்கண்ணன் பெரிய மனதோடு கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். "ரெண்டு பொம்பளைக்காக ஒரு சேனல் விட முடியுமாம்மா? எம்புட்டுப் பேரு கேட்டு வர்றாகன்னு பாத்துத்தான முடிவு பண்ணணும். இந்த வாசல் நெறையிற மாதிரி கூட்டம் வரட்டும். அன்னிக்கே போட்டுவிடுறேன்."

"கூட்டம் வந்தா போடுவீங்களா?"

"கருத்தக்கண்ணன் பேச்சு மாற மாட்டான்."

ஹம்சவேணி பஸ் ஏறி பிரஸ்ஸுக்குப் போனார். மதுரையில் கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போஸ்டரை முடித்துவிட்டு முதலாளி அழகுமலையிடம் காட்டினார். மேலே வளைவாக 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வட்டத்துக்குள் கனெடாவின் படம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிக்கவிட்டு மறைந்த ஐம்பத்திரண்டாம் சேனலுக்கு'. கீழே தோற்றம், மறைவு. அதற்குக் கீழே, சேனலின் இழப்பால் வாடுபவர்கள் ஆறுதல் தேடிச் செவ்வாய் காலை கூட வேண்டிய இடம்: கருத்தக்கண்ணன் கேபிள் விஷன், சன்னதித் தெரு. அடியில் சின்னதாக, 'வருந்தும் ரசிகர்கள்'.

அழகுமலை படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவரில் கருத்தக்கண்ணன் கேபிள் அறுந்து போன கோபம் அவருக்குள் பல வருடமாக இருந்தது. பிரஸ் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அச்சகம் பெயர் இல்லாமல் போஸ்டர் ஒட்டினால் சட்டப்படி தப்பு என்றார் ஹம்சவேணி. சரி, எறும்பு சைஸில் போடு என்று முடிந்தது. கல்யாண வேலையில் மிஞ்சிய மஞ்சள் தாளிலும் ரோஸ் தாளிலும் அச்சடித்தார்கள். இருவரும் இரண்டு தடவை பிழை பார்த்தார்கள். பிழை இல்லை.

இருந்தது. ஆனால் அது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மதுரைச் சாவு போஸ்டரில் செத்தவர் பெயரைவிட, வருந்துகிறவர் பெயர் பெரிதாக இருக்கும். பணம் கொடுப்பவர் அவர். பிரமுகர் பெயர் என்று ஒன்று இருந்தால் கை தானாகவே அதைத்தான் பெரிய எழுத்தில் போடும். ஹம்சவேணியின் கையும் அதைத்தான் செய்திருந்தது. 'கருத்தக்கண்ணன்' ஒரு முழம் உயரம். 'ஐம்பத்திரண்டாம் சேனல்' விரல் உயரம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது திருப்பரங்குன்றம் முழுக்க மஞ்சளும் ரோஸுமாகச் சுவர்கள். பஸ்ஸில் போகிறவன், சைக்கிளில் பால் கொண்டு போகிறவன், யாரும் சாவு போஸ்டரை வரி வரியாகப் படிப்பதில்லை. மேலே பார்ப்பார்கள், பெரிய எழுத்தைப் பார்ப்பார்கள், எங்கே எப்போது என்று பார்ப்பார்கள். கண்ணீர் அஞ்சலி, கருத்தக்கண்ணன், சன்னதித் தெரு, செவ்வாய் காலை. கண்ணில் படுகிற அளவுக்கு வேறு ஆள் பெயரே இல்லை. நடுவில் இருந்த படத்தைப் பார்த்துச் சிலர், சின்ன வயதுப் படம் போலிருக்கிறது, ஆள் நன்றாகத்தான் இருந்திருக்கிறார் என்றார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டில் கறுப்புக் கொடி ஏறியது. சன்னதித் தெரு பூக்கடைகளில் ரோஜா மாலை தீர்ந்து சம்பங்கிக்கு வந்தார்கள். ஏழு மணிக்கு நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய மனைவி வழி உறவினர்கள் வந்து இறங்கினார்கள். மச்சினர் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு, "மாமா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே" என்று விழுந்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன், வாயில் நுரையோடு குழாயடியிலிருந்து நிமிர்ந்தார்.

"யார்றா போனது?"

மச்சினர் அண்ணாந்து பார்த்தார். அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுதார்.

அதற்குள் வாசல் நிறைந்து தெரு அடைத்துவிட்டது. பஸ்ஸை வேறு வழியில் திருப்பினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. மாலை கையில் இருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறார். ஒருவர் தயங்கித் தயங்கி அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். அதன்பிறகு எல்லோரும் போட்டார்கள். கோயிலுக்குப் போயிருந்த மனைவி அன்னக்கொடி திரும்பி வந்தபோது, கழுத்து மறைய மாலைகளோடு கருத்தக்கண்ணன் கத்திக்கொண்டிருந்தார்.

போலீசுக்குப் போகிறேன் என்று கிளம்பியவரைத் தடுத்தவர் அன்னக்கொடிதான். சாகாத ஆளைச் செத்ததாகச் சொன்னால் கண்டம் கழியும் என்பது அவர் நம்பிக்கை. "ஆயுசு கெட்டியாயிருக்கு. கேஸு கீஸுன்னு போயி அதக் கலைச்சுக்காதீங்க" என்றார். சோதிடர் வேறு அந்த வருடம் கண்டம் என்று சொல்லியிருந்தாராம். கருத்தக்கண்ணன் போலீஸ் ஸ்டேஷனை விட்டுவிட்டுக் காளவாசலுக்கு வண்டியைத் திருப்பினார்.

எறும்பு சைஸில் இருந்த அச்சகத்தின் பெயரை யாரோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். சுருட்டிய போஸ்டரோடு அவர் படியேறியதும் அழகுமலை டெலிபோனை எடுத்து, அந்தப் பக்கம் யாரும் இல்லாமலே பேசத் தொடங்கினார். ஹம்சவேணி எழுந்து நின்றார்.

"ஏம்மா, நான் செத்தா ஒனக்கு என்ன லாபம்?"

"நீங்க சாகலண்ணே. அதுல அப்படிப் போடவும் இல்ல. படிச்சுப் பாருங்க."

அவர் அப்போதுதான் முழுதாகப் படித்தார். முகம் மாறியது. கோபம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்பியது. "அப்பறம் எம் பேரு எதுக்கு இம்புட்டுப் பெருசு?"

ஹம்சவேணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போஸ்டரைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அது என் தப்புதாண்ணே. எழுத்து அளவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்." பிறகு சேர்த்துக்கொண்டார். "சேனலுக்குக் கேக்க மாட்டேன். வாசல் நெறஞ்சா போடுறேன்னீங்க. தெருவே நெறஞ்சுச்சு."

"அவுக எனக்காக வந்தாக."

"கூட்டம் வரட்டும்னீங்க. எதுக்கு வரணும்னு சொல்லலையே."

டெலிபோனில் பேசிக்கொண்டிருந்த அழகுமலை சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கருத்தக்கண்ணன் கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். போஸ்டரால் வந்த அவமானம் போஸ்டராலேயே போக வேண்டும். தான் உயிரோடு இருப்பதாக, ஒட்டின சுவரெல்லாம் மறுப்புப் போஸ்டர் ஒட்ட வேண்டும். சிரித்த முகமாக நல்ல படம், நாலு கலர், பெயர் இதைவிடப் பெரிதாக. இல்லையென்றால் பிரஸ் ஷட்டர் திறக்காது. அழகுமலை ரிசீவரை வைத்துவிட்டு, செய்துவிடுவோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹம்சவேணி மறுப்பு சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை கருத்தக்கண்ணனை வரவழைத்துக் கம்ப்யூட்டரில் காட்டினார். படத்தில் மீசையை இன்னும் கறுப்பாக்கச் சொன்னார் அவர். ஹம்சவேணி கறுப்பாக்கினார். பெயரை இன்னும் பெரிதாக்கச் சொன்னார் அவர். தாளின் இரண்டு ஓரத்தையும் தொடும்வரை பெரிதாக்கினார். திருப்திதானே என்று கேட்டு, புரூஃபில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வரியும் விரல் உயரத்தில் இருந்தன. தன் மீசையையும் பெயரையும் தாண்டி அவர் கண் கீழே இறங்கவில்லை.

மறுநாள் காலை திருப்பரங்குன்றம் படித்தது. இந்த முறை வரி வரியாகப் படித்தது, முந்தின தடவை ஏமாந்த ஊர் இல்லையா.

'கருத்தக்கண்ணன் அவர்கள் பூரண நலமுடன் உள்ளார். மறைந்தது ஐம்பத்திரண்டாம் சேனல் மட்டுமே.'

பாலசுந்தரம் கடைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். ஊரோடு ஒத்துப் போக வேண்டும், நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம் என்றால் இவர்கள்தானே வர வேண்டும் என்று அவர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் எடுத்துச் சொன்னார். அந்தப் போஸ்டரில் எந்த வரி பொய் என்று ஹம்சவேணி கேட்டார். பாலசுந்தரம் யோசித்துப் பார்த்தார். எந்த வரியும் இல்லை என்பதால் மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

அன்று முழுக்கக் கருத்தக்கண்ணனால் தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடையில் நலம் விசாரித்தவர்கள் அதே மூச்சில், அதென்ன ஐம்பத்திரண்டு என்று கேட்டார்கள். அதில் அப்படி என்ன காட்டினார்கள், ஏன் எடுத்தீர்கள், மோசமான படமா என்று ஒரு பெரியவர் ஆர்வத்தோடு கேட்டார். சண்டையாம் என்றான் ஒருவன். நிஜச் சண்டையாம் என்றான் இன்னொருவன். மாலை போட்டவர்களுக்கு எல்லாம் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. மச்சினரே நாகமலை புதுக்கோட்டையிலிருந்து போன் போட்டு, "மாமா, அதத்தான் போட்டு விட்டா என்ன?" என்றார். தேர்தலில் நிற்க நினைக்கிற ஆள், ஊரே கேட்கிற ஒன்றை எத்தனை நாள் இல்லை என்று சொல்ல முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் ஐம்பத்திரண்டு திரும்பி வந்தது. கைகூப்பிய கருத்தக்கண்ணன் அறுபத்தேழுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆனால் விட்டுக்கொடுத்ததற்கு அவருக்கும் ஒரு ஆறுதல் வேண்டுமே. கனெடாவின் கடைசிச் சண்டை நாளான ஞாயிறு காலை கேபிள் ஆள் ஒருவன் ஏணியோடு வந்தான். காம்பவுண்டு வாசல் கம்பத்தில் ஏறி, எட்டு வீட்டுக்கும் போகிற வயரைக் கத்தரித்துவிட்டு இறங்கினான். அண்ணன் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பத்தரை மணிக்கு எட்டு வீட்டு டிவியிலும் புள்ளி மழை. அடுத்த தெருவிலிருந்து ஐம்பத்திரண்டின் விளம்பரப் பாட்டு கேட்டது. முதல் தடவையாக ஊரே அந்தச் சேனலைத் திறந்து வைத்திருந்தது, அதைக் கேட்டுப் போராடியவர் வீட்டைத் தவிர. காம்பவுண்டில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு வீட்டில் தொடர் மறு ஒளிபரப்பு போயிற்று, இன்னொரு வீட்டில் பிள்ளைகள் கார்ட்டூனுக்கு அழுதார்கள். இவளால்தானே என்று ஒருவர் சொல்ல வாயெடுத்தார். செல்லக்கிளி இடுப்பில் கைவைத்து நின்று, வயரை அறுத்தது யார் என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசச் சொன்னார்.

பிறகு ஹம்சவேணியிடம் வந்தார். "வா, கீழ ரத வீதியில எந் தங்கச்சி வீட்டுக்குப் போவோம். அங்க நல்லாத் தெரியும்."

ஹம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அவுங்க வீட்டுக்கு எதுக்கு? அறுத்தவர் வீட்டுக்கே போறேன்."

செல்லக்கிளி முந்தானையை இழுத்துச் செருகினார். "அப்ப நானும் வாரேன்." பாலசுந்தரம் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கருத்தக்கண்ணன் மாடியில் கண்ட்ரோல் ரூமில் தனியாக இருந்தார். சுவர் நிறையச் சின்னச் சின்ன டிவிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சேனல். மூன்று பேர் படியேறி வருவதைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒங்க வீட்டுக்கு லைன் இல்லன்னு சொல்லியாச்சு."

"வீட்டுக்குத்தானண்ணே இல்ல. இங்க இருக்குல்ல."

சொல்லிவிட்டு ஹம்சவேணி அங்கிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்து ஐம்பத்திரண்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். செல்லக்கிளி தரையில் கால் நீட்டினார். பாலசுந்தரம் கதவோரம் நின்று பேப்பரை விரித்தார். பெண்பிள்ளையைக் கைப்பிடித்து எழுப்பவா முடியும்? கீழே அன்னக்கொடி வேறு இருந்தார். கண்டத்தைக் கழித்த மகராசி வந்திருக்கிறாள் என்று காபி கலந்து அனுப்பினார். கருத்தக்கண்ணன் மற்ற நாற்காலியில் உட்கார்ந்து வேறு டிவியைப் பார்க்க முயன்றார்.

கனெடா கூண்டுக்குள் வந்தார். தலையில் நரை தெரிந்தது. எதிரே அமெரிக்காக்காரன், வயதில் ரொம்பச் சின்னவன், தோள் ரெண்டும் தேங்காய் மாதிரி. முதல் சுற்றிலேயே அவன் கனெடாவைக் கீழே தள்ளி மேலே ஏறிவிட்டான்.

"முடிஞ்சுச்சு ஒங்க ஆளு கதை" என்றார் கருத்தக்கண்ணன். அவர் எப்போது இந்தப் பக்கம் திரும்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"இனிமேத்தாண்ணே ஆரம்பம். அவர் காலைப் பாருங்க."

அவர் பார்த்தார். கனெடாவின் கால் மெதுவாக மேலேறி அந்தத் தோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னவன் உதறினான், நழுவினான், மறுபடி மாட்டினான். இரண்டாம் சுற்றில் கனெடாவின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. கதவோரம் செய்தித்தாள் உயர்ந்தது. மூன்றாம் சுற்றில் கை மூட்டுப் பிடி விழுந்தது. சின்னவன் முகம் கோணிற்று, தட்டுவதற்குக் கை எழுந்தது, செல்லக்கிளி முழங்காலில் எழுந்து நின்றார். "இடுப்பத் திருப்பு" என்றார் ஹம்சவேணி. "திருப்புடா" என்றார் கருத்தக்கண்ணன். மணி அடித்துவிட்டது.

நடுவர் சின்னவன் கையை உயர்த்தினார். கனெடா கூண்டின் நடுவில் வந்து நாலு பக்கமும் குனிந்து வணங்கிவிட்டு வெளியே நடந்தார். ஹம்சவேணி அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கருத்தக்கண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அதெப்பிடிம்மா அவன் ஜெயிச்சதாவும்? கை ஒடியப் போச்சு அவனுக்கு. இன்னும் ரெண்டு நொடி இருந்தா?"

முதல் இரண்டு சுற்றும் அவனுடையது, அதனால் புள்ளி அதிகம் என்றார் ஹம்சவேணி. அது நியாயமே இல்லை என்றார் அவர். எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தார். பிறகு பழைய கெத்து ஞாபகம் வந்தவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, போங்க. சாயங்காலம் ஆளு அனுப்புறேன். ஒங்க வீட்டுக்கு மட்டும் லைன மாட்டிவிடச் சொல்றேன். மத்தவுக வந்து கேக்கட்டும்."

ஹம்சவேணி எழுந்திருக்கவில்லை.

"எனக்கு மட்டும்னா வேணாம்ணே. எட்டு வீட்டுக்கும் மாட்டுங்க. இல்லைன்னா விடுங்க, அடுத்த வாரம் எட்டு வீட்டுக்காரங்களும் இங்கயே வந்து பாத்துக்கிறோம். இங்க படம் நல்லாத் தெளிவா இருக்கு."

"ஆமா, காபியும் நல்லாருக்கு" என்றார் தரையிலிருந்து செல்லக்கிளி.

கருத்தக்கண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். தன்னுடைய நாற்காலியையும் சேர்த்து அங்கே இருந்தவை இரண்டுதான். ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்து, ஏணிக்காரன் இன்னும் அங்கே இருக்கிறானா என்று குரல் கொடுத்தார்.